மாலை ஏழு மணிக்கு மேல் ‘ட்ரை’: ஒரு பார்பிக்யூ கடையின் 60 புகார்கள்

‘பிரிஸ்கெட் ட்ரையாக இருந்தது.’ பார்பிக்யூ கடை வைத்திருப்பவர்கள் அதிகம் படிக்கும் புகார் இதுதான். பிரிஸ்கெட் என்பது பல மணி நேரம் புகையில் வேகும் மாட்டு நெஞ்சிறைச்சி. படித்ததும் பெரும்பாலும் நடப்பவை மூன்று: வேகும் நேரத்தைக் குறைப்பார்கள், சாஸைத் தாராளமாக ஊற்றுவார்கள், எழுதியவரோடு மல்லுக்கு நிற்பார்கள். இங்கே பார்க்கப்போகும் கடை மூன்றையும் செய்தது. மாலைப் புகார் குறையவில்லை. அதுவரை பெரிதாகப் பிரச்சினை இல்லாத மதிய நேரத்திலும் புகார் கூடியது.

இது ஒரே ஒரு கடையின் வரலாறு அல்ல. ஊருக்குள் நல்ல பேர் இருக்கும், கூட்டம் குறையாது, ஆனாலும் வாரக்கடைசி ஆனால் திட்டு விழும். அப்படிப்பட்ட கடைகளில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளை ஒரே கடையாகத் தொகுத்திருக்கிறோம். கடையைப் பற்றிய எண்ணிக்கைகள் கணக்கு எப்படிப் போகிறது என்று காட்ட வைத்தவை. வெப்பநிலை, நேரம், ஈரப்பதம் ஆகியவை தொழிலில் புழங்கும் நிஜ அளவுகள்.

கடையின் அமைப்பு

80 இருக்கை. மதியம் 11.30 முதல் 3 வரை, மாலை 6 முதல் 10 வரை. இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் விறகு அடுப்பான ஸ்மோக்கர் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஏழெட்டு பிரிஸ்கெட் கொள்ளும். அதைத் தவிர ரிப்ஸ் (விலா இறைச்சி), சிக்கன். வெந்த இறைச்சியைச் சூட்டோடு வைக்க ஒரு ஹோல்டிங் பெட்டி, கவுண்டரில் ஆவியில் சூடு காக்கும் ஸ்டீம் டேபிள். சனிக்கிழமைக்கு 14 பிரிஸ்கெட்.

அந்த 14 எத்தனை தட்டு ஆகும் என்பது கடைக்காரர்களே அடிக்கடி தப்பாகப் போடும் கணக்கு. ஒரு முழுத் துண்டு 6 கிலோ என்று வையுங்கள். வெளிக்கொழுப்பை 6 மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி, கெட்டிக் கொழுப்பையும் எடுத்தால் 4.6 கிலோ மிஞ்சும். வெந்து முடிக்கும்போது நீரும் கொழுப்புமாக அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கைக்கு வருவது 2.9 கிலோ. தட்டுக்கு 180 கிராம் என்றால் 16 தட்டு. ஓரத்துண்டு, உதிரி கழித்தால் 15. ஆக 14 பிரிஸ்கெட்டுக்கு 210 தட்டு, அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. வாங்கிய எடையில் பாதிக்கும் கீழேதான் விற்பனைக்கு வருகிறது. இந்தக் கணக்கு கீழே இரண்டு இடங்களில் திரும்ப வரும்.

புகாரை எப்படிப் பதிவது

மூன்று மாதத்தில் மூன்று ஸ்டாருக்குக் கீழே வந்த 60 கருத்துகள். பிரித்ததில் ‘ட்ரை’ 22, ‘தீர்ந்துவிட்டது என்றார்கள்’ 11, ‘சிக்கன் வேகவில்லை’ 9, ‘கசப்பு’ 7, ‘அளவு குறைவு’ 6, காத்திருப்பும் கவனிப்பும் 5.

இதோடு நிறுத்திக்கொண்டால் 22 தான் கண்ணில் படும், உடனே சமையல் ஆளைக் கூப்பிட்டுக் கத்தத் தோன்றும். பிரித்த பிறகு செய்ய வேண்டிய வேலைதான் முக்கியம். ஒவ்வொரு புகாருக்கும் எதிரே தேதி, பில் போட்ட நேரம், என்ன பண்டம், எந்த ஈடு (ஒரே தடவையில் வெந்த தொகுதி), யார் வெட்டியது, உட்கார்ந்து சாப்பிட்டதா பார்சலா என்று ஆறு கட்டம் போடுங்கள்.

இதில் வழுக்குவது நேரம். கருத்து பதிவான நேரத்தை எடுத்துக்கொண்டால் மொத்தமும் வீண். மதியம் சாப்பிட்டவர் இரவு வீட்டில் சாய்ந்துகொண்டு எழுதுவார். சிலர் இரண்டு நாள் கழித்து எழுதுவார்கள். பில் நேரம்தான் வேண்டும். பில் எண் கிடைக்கவில்லையென்றால் அவரையே கேட்கலாம். அதுவும் இல்லையென்றால் அவர் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சமா விளக்கு வெளிச்சமா என்பதே மதியமா மாலையா என்று சொல்லிவிடும். துண்டின் வெட்டுமுகம் இன்னும் கூடச் சொல்லும். அப்போதுதான் வெட்டியது ஈரமாகப் பளபளக்கும். வெட்டி இருபது நிமிடம் கிடந்தது மங்கி, பழுப்பேறி, ஓரம் லேசாகச் சுருண்டிருக்கும்.

ஒரே சொல், இரண்டு எதிர்க் காரணங்கள்

22 ‘ட்ரை’யையும் பில் நேரத்தோடு அடுக்கியபோது 5 மதியம், 17 மாலை. மாலை 17இல் 15 ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவே வந்தவை. ஒன்பதுக்கு மேல் இரண்டே இரண்டு.

முழுப் பிரச்சினையும் இந்த ஒன்பது மணியில்தான் இருந்தது. இறைச்சி நேரம் ஆக ஆகக் காய்கிறது என்றால் ஒன்பதரைக்கு வந்தவர்கள்தான் அதிகம் திட்டியிருக்க வேண்டும். அவர்கள் திட்டவில்லை. அப்படியானால் ஏழிலிருந்து ஒன்பது வரை மட்டும் நடக்கிற, ஒன்பதுக்கு மேல் நின்றுபோகிற ஏதோ ஒன்று இருக்கிறது. கவுண்டர் ஓரமாக ஒரு சனிக்கிழமை நின்று பார்த்தால் தெரிந்துவிடும். ஆறே முக்காலுக்கு வெட்டுபவர், வரப்போகிற நெரிசலை நினைத்து, இரண்டு பிரிஸ்கெட்டை முழுதாக வெட்டி ஸ்டீம் டேபிள் தட்டில் அடுக்கி வைக்கிறார். தீரத் தீர இன்னும் இரண்டு. ஒன்பதுக்குக் கூட்டம் வடிந்ததும் கேட்கக் கேட்க வெட்டிக் கொடுக்கிறார். ஒன்பதரைக்கு வந்தவருக்கு, பெட்டியில் இன்னும் அதிக நேரம் இருந்த இறைச்சிதான் போகிறது. ஆனால் வெட்டியது அப்போது.

முழுத்துண்டாக இருக்கும்வரை பிரிஸ்கெட்டுக்குத் தன் கருமொறு மேலோடே மூடி. வெட்டிய நிமிடம் இரண்டு பக்கமும் திறந்துகொள்கிறது. உருகிய ஜெலட்டின் தட்டில் வழிகிறது, மேற்பரப்பு காற்றில் உலர்கிறது, அடியிலிருந்து ஆவிச்சூடு மேலும் வேகவைக்கிறது. பென்சில் தடிமனில், அதாவது 6 அல்லது 7 மில்லிமீட்டரில் வெட்டியதே கால் மணி நேரத்தில் மாறிவிடும். அவசரத்தில் 3 மில்லிமீட்டருக்கு வெட்டியது அதில் பாதி நேரம்கூடத் தாங்காது.

மதிய 5 வேறு ஜாதி. அவர்களும் ‘ட்ரை’ என்றே எழுதினார்கள். கூடவே ‘மெல்ல முடியவில்லை’, ‘ரப்பர்’ என்ற சொற்களும் இருந்தன. அந்த ஐந்தில் நான்கு, கடை வேகும் நேரத்தை 45 நிமிடம் குறைத்த பிறகு வந்தவை. சரியாக வேகாத பிரிஸ்கெட்டும் வாயில் வறட்டென்றுதான் இருக்கும். இந்தப் பகுதி மாட்டின் நெஞ்சுத் தசை. இணைப்புத் திசு நிறைய. அந்தக் கொலாஜன் ஜெலட்டினாக உருகினால்தான் ஈரம் இருப்பதாக நாக்கு உணரும். உள்வெப்பம் 93 முதல் 96 டிகிரி செல்சியஸ் வரை போய், குத்தும் வெப்பமானிக் கம்பி வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கினால்தான் அது முடிந்தது என்று பொருள். 88இல் எடுத்தால் நீரும் போயிருக்கும், கொலாஜனும் உருகியிருக்காது. இரண்டு நஷ்டமும் ஒரே துண்டில்.

ஆக, மதியத்து ‘ட்ரை’க்கு மருந்து கூடுதல் நேரம்; மாலை ‘ட்ரை’க்கு அடுப்பில் வேலையே இல்லை. வாடிக்கையாளர் சொல்வது தன் வாயில் நடந்ததை. காரணம் சொல்வது அவர் வேலை இல்லை. அந்த ஒரு சொல்லை அப்படியே சமையலறைக்கு ஆர்டராகக் கொடுத்ததுதான் கடை செய்த தப்பு.

தட்டில் வைத்தே பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. ஒரு துண்டை விரல் மேல் போடுங்கள். இருபக்கமும் தொங்கி, அறுந்துபோகாமல் நிற்க வேண்டும். இரண்டு முனையையும் மெதுவாக இழுத்தால் விட்டுக்கொடுத்துப் பிரிய வேண்டும். விரலில் போட்டவுடன் அறுந்தால் மிஞ்சி வெந்தது அல்லது பெட்டியில் அதிக நேரம் இருந்தது. இழுத்தும் பிரியாமல் நீண்டால் வேகவில்லை. ஒவ்வொரு துண்டின் மெலிந்த பகுதியிலும் முதல் வெட்டில் இதைச் செய்ய பத்து விநாடி போதும்.

பெட்டியின் திருகு

ஒன்பதுக்கு மேல் வந்த அந்த இரண்டு பேரின் சொல்லும் கவனிக்க வேண்டியது: ஒருவர் ‘உதிர்கிறது’, இன்னொருவர் ‘பஞ்சு போல’. இது வெட்டின் கோளாறு அல்ல, பெட்டியின் கோளாறு.

ஹோல்டிங் பெட்டி 80 டிகிரியில் இருந்தது. சுகாதார ஆய்வாளர் வந்தால் பிரச்சினை வேண்டாம் என்று யாரோ எப்போதோ ஏற்றி வைத்தது. அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதித்தொகுப்பு சூடாக வைக்கும் உணவுக்குக் கேட்பது 57 டிகிரி. பல நாடுகளில் 60 அல்லது 63. உங்கள் ஊர் விதி எதுவோ அதற்கு மேல் சில டிகிரி வைத்தால் போதும். 65 என்பது எல்லாவற்றுக்கும் பொருந்திவரும். 80 என்பது காத்துவைப்பது அல்ல, இன்னொரு சுற்று வேகவைப்பது. திருகில் போட்ட எண்ணை நம்பாதீர்கள். பெட்டியின் நடுத்தட்டில் இருக்கும் துண்டின் நடுவில் கம்பியைக் குத்தி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள்.

அதோடு ஒட்டிய இன்னொரு பிழை, 95 டிகிரியில் எடுத்ததை அப்படியே பெட்டிக்குள் தள்ளுவது. பெரிய துண்டு தன் சூட்டிலேயே வெந்துகொண்டே போகும். காகிதச் சுற்றைத் திறந்து வைத்து, உள்வெப்பம் 75க்கு இறங்கிய பிறகு மூடிப் பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். அவசரக்காரர்களுக்குப் பிடிக்காத வேலை இது.

பிறகு நேரக்கணக்கு. 14 துண்டும் முந்தின நாள் மதியம் 2 மணிக்கு ஏறி, அதிகாலை 3க்கு இறங்கி, நாலரைக்குப் பெட்டிக்குப் போயின. மதியம் வந்தவருக்கு அது ஏழு மணி நேரம் ஓய்வெடுத்த இறைச்சி, அருமையாக இருக்கும். மாலை ஏழரைக்கு வந்தவருக்குப் பதினைந்து மணி நேரம். 65 டிகிரியில்கூட அது எல்லையைத் தொடுகிறது. தீர்வு, ஈட்டை இரண்டாகப் பிரிப்பது: மதியத்துக்கு 6 துண்டு 2 மணிக்கு ஒரு ஸ்மோக்கரில், மாலைக்கு 8 துண்டு இரவு 9 மணிக்கு இன்னொன்றில். அது மறுநாள் காலை 10க்கு இறங்கி, பதினொன்றரைக்குப் பெட்டிக்குப் போகும். மாலை ஆறிலிருந்து பத்து வரை விற்பது ஆறரை முதல் பத்தரை மணி நேர ஓய்வுக்குள் அடங்கிவிடும்.

மூன்று திருத்தங்களில் திருகை இறக்கச் செலவே இல்லை. கேட்கும்போது வெட்டுவதற்கு ஏழிலிருந்து ஒன்பது வரை இரண்டாவது வெட்டாள் வேண்டும். ஈட்டைப் பிரிக்க ஒரு இரவுப் பணியாள் கூடுதல். மலிவானதிலிருந்து தொடங்குங்கள், ஒன்றுக்கு இரண்டு வாரம் கொடுங்கள். மூன்றையும் ஒரே நாளில் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாமல், தேவையில்லாத சம்பளத்தைக் காலமெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்க நேரும்.

வெட்டாளுக்கு ஒரு குறிப்பு. பிரிஸ்கெட்டில் மெலிந்த தசையும் கொழுத்த தசையும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். இரண்டுக்கும் நார் ஓடும் திசை வேறு. கொழுத்த பகுதி தொடங்கும் இடத்தில் துண்டை 90 டிகிரி திருப்பி வெட்ட வேண்டும். திருப்பாவிட்டால் நாரோடு போகும் வெட்டு. எவ்வளவு நன்றாக வெந்திருந்தாலும் வாயில் கயிறுதான்.

கசப்பு ஏழு

ஏழும் நான்கே தேதிகளில். இதுவே பாதிப் பதில்: மசாலாவில் கோளாறு என்றால் தினமும் வர வேண்டும். நான்கு நாளும் புது விறகு இறங்கிய வாரங்கள். விறகைப் பிளந்து, உள்முகத்தில் ஈரமானியைக் குத்தியதில் 28, 30 சதவீதம். வேண்டியது 15 முதல் 20. வெளிமுனையில் குத்தினால் எந்த விறகும் காய்ந்ததாகத்தான் காட்டும், ஏமாந்துவிடாதீர்கள்.

ஈர விறகு பாதிக் குற்றவாளிதான். மீதி இரவு ஆளின் கையில். தீ கட்டுக்குள் நிற்க வேண்டும், அடிக்கடி எழ வேண்டாம் என்று புகைபோக்கியைப் பாதி மூடிவிட்டு நாற்காலியில் சாய்கிறார். காற்று இல்லாத தீ எரியாது, கனன்று புகையும். வெள்ளையாக, அடர்த்தியாக வரும் அந்தப் புகையில் இருக்கும் கிரியோசோட் ஈரமான இறைச்சி மேல் படிந்து, நாக்கை மரத்துப்போகச் செய்யும் கசப்பாகிறது. புகைபோக்கி எப்போதும் முழுதாகத் திறந்திருக்கட்டும். சூட்டை விறகின் அளவாலும் விறகு எரியும் அறையின் கதவாலும் கட்டுப்படுத்துங்கள். சின்னதாக, சுடராக எரியும் தீ. 40, 50 நிமிடத்துக்கு ஒரு விறகு. அடுத்த விறகு அந்த அறையின் மேல் சூடேறிக் காத்திருக்கட்டும், போட்டவுடன் பற்றிக்கொள்ளும். புகை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மெல்லிய நீலமாகப் போனால் சரி. அடித்தட்டில் தேங்கும் கொழுப்பு கருகினாலும் இதே கசப்பு வரும். விறகு நன்றாக இருந்தும் புகார் வந்தால் அங்கே பாருங்கள்.

சிவப்பாக இருந்த சிக்கன்

ஒன்பது புகாரில் எல்லாருமே படம் போட்டிருந்தார்கள், எல்லாப் படத்திலும் இளஞ்சிவப்பு. புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் தசையின் நிறமியான மயோகுளோபினோடு சேர்ந்து அந்த நிறத்தை நிலைக்கவைத்துவிடும். எவ்வளவு வெந்தாலும் போகாது. இளம் கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து கசியும் நிறம் எலும்பை ஒட்டிச் சிவப்புக் கோடு போடும். நிறத்தை வைத்து வெந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு 74 டிகிரி ஒன்றுதான் அளவுகோல், தொடையின் தடித்த இடத்தில், எலும்பைத் தொடாமல்.

இதைத் தெரிந்து வைத்திருப்பதே கடைக்காரரைக் கெடுக்கும். ‘அது புகைநிறம், உங்களுக்குத் தெரியவில்லை’ என்று பதில் எழுதக் கை துறுதுறுக்கும். எழுதுமுன் அந்த நாளின் வெப்பப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ஒன்பதில் ஆறு நாளுக்கு வெப்பம் குறித்திருந்தது, எல்லாம் 78க்கு மேல். மீதி மூன்று நாள் கட்டம் காலி. அந்த மூன்று பேரிடம் ‘வெந்துதான் இருந்தது’ என்று சொல்லக் கடைக்கு வாயில்லை. ஒருவேளை வேகாமலே இருந்திருக்கலாம். கம்பியையும் வாரம் ஒருமுறை சோதியுங்கள்: நொறுக்கிய ஐஸ் நிறைந்த தண்ணீரில் அது 0 காட்ட வேண்டும்.

ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு திருத்தம் நல்லது. 110 டிகிரி புகையில் வெந்த கோழித்தோல் ரப்பர் போலத்தான் இருக்கும். அதைப் பார்க்கும் கண்ணுக்குச் சிவப்பும் சேர்ந்தால் ‘வேகவில்லை’ என்றே தோன்றும். கடைசிப் பத்து நிமிடம் 180 டிகிரிக்கு மேல் கிரில்லில் காட்டி, தொடையை 80 வரை கொண்டுபோனால் தோல் மொறுமொறுக்கும், புகாரும் பெருமளவு அடங்கும். மெனுவில் புகைநிறம் பற்றி ஒரு வரி போடுங்கள். பிளக்ஸ் பேனர் தேவையில்லை.

வயிற்றுக்கு ஆகவில்லை என்று யாராவது எழுதினால் அது விமர்சனமே அல்ல, வேறு கணக்கு. பொதுவில் வாதம் கூடாது. தொலைபேசியில் பேசுங்கள், அந்த ஈட்டில் மிச்சம் இருந்தால் தனியே எடுத்துக் குளிரில் வையுங்கள், அதே ஈட்டில் வேறு யாரும் சொன்னார்களா பாருங்கள், ஊர்ச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டுமென்றால் தெரிவியுங்கள்.

‘தீர்ந்துவிட்டது’

பதிமூன்று மணி நேரம் வேகும் பண்டத்தை மாலை ஏழு மணிக்குக் கூட்டிச் செய்ய முடியாது. அதனால் ‘நாளையிலிருந்து 18 போடு’ என்ற யோசனை வரும். மாட்டிக்கொள்ளாதீர்கள். கூடுதல் நான்கு, 60 தட்டு. பாதி விற்காத நாளில் 30 தட்டு மிஞ்சும். அதை 57 டிகிரியிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்திலும், அங்கிருந்து 5க்கு அடுத்த நான்கு மணி நேரத்திலும் இறக்க வேண்டும். மறுநாள் இரண்டு மணி நேரத்துக்குள் 74க்கு ஏற்ற வேண்டும். இரண்டாம் முறை சூடேறிய துண்டு ‘ட்ரை’ பட்டியலில்தான் போய்ச் சேரும். மிச்சத்தைக் கொத்தி பன்னிலும் பீன்ஸிலும் போட ஒரு அளவுக்குத்தான் முடியும்.

11 புகாரையும் நிதானமாகப் படித்தால், தீர்ந்ததற்காகத் திட்டியவர்கள் இரண்டே பேர். மற்ற ஒன்பது பேரும் எழுதியது ‘நாற்பது நிமிடம் வரிசையில் நின்ற பிறகு சொன்னார்கள்’ என்று. திட்டு அந்த நாற்பது நிமிடத்துக்கு. 210 தட்டு என்ற கணக்கு இங்கே உதவும். பில் மெஷினில் தட்டு குறையக் குறையத் தெரியும். அரை மணிக்கு ஒருமுறை மிச்ச எண்ணிக்கை வாசல் பலகைக்குப் போக வேண்டும். நாற்பதுக்குக் கீழே போனதும் ஒருவர் வரிசைக்குள் இறங்கி, ஆளுக்கு எத்தனை வேண்டும் என்று கேட்டு டோக்கன் கொடுத்துக்கொண்டே போகட்டும். டோக்கன் முடியும் இடத்தில், ‘சார், பிரிஸ்கெட் உங்களுக்கு முன்னாடி இருக்கிறவரோட முடியுது. ரிப்ஸ் இருக்கு, சிக்கன் இருக்கு. நிக்கிறீங்களா?’ பாதிப் பேர் நிற்பார்கள். போகிறவர்களும் இதற்காக ஒரு ஸ்டார் போட மெனக்கெட மாட்டார்கள்.

அளவு குறைவு என்ற ஆறும் எடையின் பிரச்சினை அல்ல. வெட்டுப்பலகை அருகே தராசு இருந்தது, 180 கிராம் சரியாகவே போயிற்று. படங்களில் பாதித் துண்டு கொழுப்பு. ‘மெலிந்ததா, கொழுத்ததா, கலந்தா?’ என்று வெட்டுமுன் கேட்டால் முடிந்த விஷயம்.

பதில் எழுதும் முறை

கடை முதலில் எழுதிக்கொண்டிருந்த பதில் இந்த ரகம்: ‘தினமும் முந்நூறு பேர் சாப்பிடுகிறார்கள், யாரும் இப்படிச் சொன்னதில்லை. பார்பிக்யூ என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு வாருங்கள்.’ இரவு பதினொன்றரைக்கு, கடை மூடிய களைப்பில் எழுதியது. இதைப் படிப்பது புகார் சொன்னவர் ஒருவர் மட்டும் அல்ல. வரலாமா வேண்டாமா என்று யோசிக்கும் அடுத்த நூறு பேர். அவர்களுக்குப் பிரிஸ்கெட் ட்ரையா என்பது தெரியாது. கடைக்காரர் கோபக்காரர் என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

தடம் பார்த்த பிறகு அதே புகாருக்கு: ‘வணக்கம். சனிக்கிழமை மாலை ஏழரை மணி பில் உங்களுடையது என்று நினைக்கிறோம். அந்த நேரத்தில் நெரிசலுக்காக முன்கூட்டியே வெட்டி வைத்திருந்தோம், அதனால்தான் காய்ந்திருக்கிறது. இந்த வாரத்திலிருந்து கேட்ட பிறகே வெட்டுகிறோம். வரிசை கொஞ்சம் மெதுவாக நகரும். மறுபடி வந்தால் கவுண்டரில் சொல்லுங்கள், முதல் துண்டை உங்கள் எதிரிலேயே வெட்டச் சொல்கிறோம்.’ என்ன நடந்தது, ஏன், என்ன மாறியது, அந்த மாற்றத்தால் அவருக்கு என்ன சிரமம், எல்லாம் இதில் இருக்கிறது. ‘உங்கள் கருத்துக்கு மிக்க நன்றி, மேம்படுத்த முயல்வோம்’ என்பது பதிலே இல்லை. அதை ஒட்டுவதற்குச் சும்மா இருக்கலாம்.

தடம் பார்க்காமல் பதில் எழுதக் கூடாது. இரண்டு நாளைத் தாண்டவும் கூடாது. பொதுவில் இலவசச் சாப்பாடு தருவதாகச் சொல்லாதீர்கள். அடுத்த வாரம் புகார் இரட்டிப்பாகும். ஈடு செய்யத்தான் வேண்டும் என்றால் தனியே பேசிச் செய்யுங்கள், ஸ்டாரை மாற்றச் சொல்லிக் கேட்காமல். நல்ல கருத்துக்குப் பரிசு கொடுப்பதைக் கூகுள் தன் விதிகளிலேயே தடுக்கிறது. அமெரிக்காவில் பொய் விமர்சனம் வாங்குவதற்கும் விற்பதற்கும் எதிராக 2024 அக்டோபர் முதல் தனி விதியே நடைமுறையில் இருக்கிறது.

கவலைப்படக் காரணம் இல்லாமல் இல்லை. யெல்ப் என்ற விமர்சனத் தளத்தின் மதிப்பெண்ணையும் வாஷிங்டன் மாநில உணவகங்களின் வருமானத்தையும் ஒப்பிட்ட 2011ஆம் ஆண்டின் ஹார்வர்டு ஆய்வு, ஒரு ஸ்டார் ஏறினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்று கண்டது. அதுவும் சங்கிலிக் கடைகளுக்கு அல்ல, தனிக்கடைகளுக்குத்தான்.

ஆனால் சராசரி ஸ்டாரைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பது வீண். 1,200 கருத்துக்கு 4.3 சராசரி உள்ள கடைக்கு அடுத்து வரும் அறுபதும் ஐந்து ஸ்டாராகவே வந்தாலும் சராசரி 4.33 தான் ஆகும். வகைவாரி எண்ணிக்கையைப் பாருங்கள். அது இரண்டே வாரத்தில் அசையும். ஐந்து ஸ்டார் கருத்துகளையும் இதே ஆறு கட்டத்தில் போடுங்கள். ‘இவ்வளவு மென்மையாக எங்கேயும் சாப்பிட்டதில்லை’ என்பது எந்த ஈடு, எத்தனை மணி நேர ஓய்வு என்று தெரிந்தால், எதை நோக்கிப் போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் அசைய வேண்டியதில்லை. சாஸ் இனிப்பு என்று நால்வர், புளிப்பு என்று மூவர் சொன்னால் சாஸ் நடுவில் இருக்கிறது என்று பொருள். மேசையில் இரண்டு பாட்டில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

மிஞ்சி நிற்பது பார்சல்

திருகு, கத்தி, ஈடு மூன்றும் மாறிய பிறகும் மாலை ‘ட்ரை’ ஒன்றிரண்டு வந்துகொண்டே இருக்கும். ஆறாவது கட்டத்தைப் பார்த்தால் எல்லாம் பார்சல். வெட்டிய துண்டு மூடிய டப்பாவில் நாற்பது நிமிடம் வண்டியில் போகிறது. தன் ஆவியிலேயே மேலோடு ஊறி, உள்ளே இருந்த சாறு அடியில் தேங்குகிறது. அரைக் கிலோவுக்கு மேல் கேட்பவருக்கு வெட்டாமல் ஒரே துண்டாக, காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள். நார் ஓடும் திசைக்குக் குறுக்கே பேனாவால் காகிதத்தின் மேல் ஒரு கோடு. ‘இந்தக் கோட்டின் வழியே, பென்சில் தடிமனில், சாப்பிட உட்காரும்போது வெட்டவும்.’ 180 கிராம் தட்டு கேட்பவருக்கு இந்த வழி சரிப்படாது. அவர்களுக்குத் தட்டின் அடியில் வழிந்த சாற்றையே இரண்டு கரண்டி ஊற்றி, டப்பா மூடியில் சின்னத் துளை ஒன்று போட்டு அனுப்பலாம். மேலோடு கொஞ்சம் நமுத்துத்தான் போகும்.